வினோலியா நிரப்பாத கட்டம்

வினோலியாவின் மேசைக்கு அடியில் வடிகால் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அதைக் காட்டி, காலை மட்டும் உள்ளே விட்டுவிடாதே என்று சொல்லியிருந்தார்கள். அறையின் எதிர் மூலையில் குழாய் இருந்தது. குழாயிலிருந்து பவளம் கொட்டும். வடிகால் வழியாகப் பவளம் போகும். நடுவில் ஊர் உலகமெல்லாம் செல்போனைத் தேய்த்துக்கொண்டு 'முத்துத் தீவு' விளையாடியது. வருவதும் போவதும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் அவள் உத்தியோகம்.

விளையாட்டு இலவசம். அதில் காசாகச் செல்லும் பவளமும் இலவசம். பொறுமை இல்லாதவர்கள் மட்டும் கைக்காசு கொடுத்து முத்து வாங்கலாம். முத்து இருந்தால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். அந்த அவசரக்காரர்களின் புண்ணியத்தில்தான் அலுவலகத்தில் எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

தீபாவளிச் சலுகை என்று குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டார்கள். பவளம் பெருகிவிட்டது. தீவில் ஒரு வாழைப்பழம் வாங்கப் படகு நிறையப் பவளம் ஏற்றிக்கொண்டு போனார்கள். முத்தை ஒருவரும் சீந்தவில்லை. எல்லோரும் பல்லக்கில் ஏறிவிட்டால் தூக்குவது யார்?

"ஏதாவது பண்ணும்மா," என்றார் தணிகைவேல் சார். அவர் பிரிவின் தலைவர். பயம் வந்தால் டை கட்டிக்கொள்வார். அன்று இரண்டு கட்டியிருந்தார்.

வினோலியா வடிகாலுக்குப் புதிய விதி எழுதினாள். அதற்கு இரண்டு கட்டங்கள். எதை எடுக்க வேண்டும்? எப்போது எடுக்க வேண்டும்? அவள் இரண்டாவதை முதலில் நிரப்பினாள். 'ஒரு வாரம் யாரும் பயன்படுத்தாவிட்டால்.' முதல் கட்டத்தில் பவளம் என்று எழுதக் கை போனது. அதற்குள் யாருக்கோ பிறந்தநாள் என்று கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். அந்த அலுவலகத்தில் தாமதமாகப் போனால் கிரீம் இல்லாத துண்டுதான் கிடைக்கும். பொத்தானை அழுத்திவிட்டு ஓடினாள்.

கட்டம் காலியாக இருந்தால் 'எல்லாம்' என்று பொருள். இது அவளுக்குத் தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் இதைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பாள்.

திரும்பி வந்தபோது வடிகால் களுக் களுக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தது. பவளம் போனது. நல்லது. பிறகு மூலையில் இருந்த உடற்பயிற்சி இயந்திரம் நகர்ந்து வந்து, மெலிந்து, உள்ளே போனது. அதை வாங்கிய நாளிலிருந்து யாரும் அதில் ஏறியதில்லை. முதலுதவிப் பெட்டி போனது. புகார்ப் பெட்டி போனது.

"சூப்பர்மா," என்றார் தணிகைவேல் சார். ஒரு டையைக் கழற்றினார்.

அடுத்ததாகப் பட்டாபி போனார். தீவில் கிளிகள் கத்துவதற்குக் குரல் கொடுப்பவர் அவர். கொஞ்ச நாளாகப் புதுக் கிளி எதுவும் தேவைப்படவில்லை. "எக்ஸ்கியூஸ் மீ," என்று அவள் காலை விலக்கச் சொல்லிவிட்டு உள்ளே இறங்கினார். போகும்போது ஒரு தரம் கிளி மாதிரி கத்தினார்.

"சார், பட்டாபி போயிட்டார்!"

"எந்தப் பட்டாபி?" என்றார் தணிகைவேல் சார். பட்டாபியின் நாற்காலி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

வினோலியாவுக்கு வீடு நினைவுக்கு வந்தது. வீட்டில் அப்பா இருந்தார்.

அப்பா லியோன், தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு சென்னைக்கு வந்து மகள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். அவரால் ஒரு தொந்தரவும் கிடையாது. தன் தட்டைத் தானே கழுவிக்கொள்வார். என்ன வேண்டும் என்று கேட்டால், "ஒண்ணும் வேண்டாம்ளா. நீ ஒன் சோலியப் பாரு," என்பார். அவளும் பார்த்தாள். அவரிடம் கடைசியாக எப்போது ஒரு வேலை சொன்னோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

"சார், விதியை நிறுத்தணும். இப்பவே."

"நிறுத்தலாமே. நிறுத்தறதுக்கு மட்டும் மூணு நாள் காத்திருக்கணும். அவசரம்னா ஒரு முத்து."

"ஒண்ணு குடுங்க சார்."

"முத்தை யாரும் பயன்படுத்தலையேம்மா. அதுவும் பவளத்தோட போச்சு."

அவள் ஓடினாள். லிஃப்ட், ஒரு விளம்பரம் பார்த்தால்தான் இறங்குவேன் என்றது. பார்த்தாள். சோப்பு விளம்பரம். பாதியில் கண்ணை மூடியதால் மறுபடி முதலிலிருந்து போட்டது.

வாசலில் ஆட்டோக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வண்டியோட அஞ்சு உசுரும் காலி மேடம். அடுத்த உசுரு ஏற அரை மணி நேரமாவும். கையில முத்து எதுனா கீதா?" என்றார். அவள் தெருவில் இறங்கி ஓடினாள். நடைபாதையை யாரும் பயன்படுத்தாததால் அது போய்விட்டிருந்தது. ஓட ஓடத் தெரு நீண்டது. அப்பா இருக்க வேண்டும், அப்பா இருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓடினாள்.

வீட்டில் பாதி இல்லை. கண்ணாடி அலமாரியில் விருந்தாளிக்கென்று பூட்டி வைத்த பீங்கான் கோப்பைகள் இல்லை. விருந்தாளி அறையும் இல்லை. சமையலறைத் தரைக்கு அடியில் களுக் களுக்கென்றது.

அப்பா பின்னறைக் கட்டிலில் இருந்தார். இடுப்பு வரை இருந்தார்.

"வந்துட்டியா? செருப்பக் காணோம்னு தேடுனேன்," என்றார். "பொறவு பாத்தா காலும் இல்ல. சரி, போவுதுன்னு விட்டுட்டேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதாப்பா?"

"ஒனக்கு எதுக்குளா தொந்தரவு?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிடித்ததில் ஒன்றும் வளரவில்லை. அழுததிலும் வளரவில்லை. பவளத்தைக் கையில் வைத்துக் கொஞ்சினால் கணக்கில் ஏறாது. செலவு செய்ய வேண்டும். அது அவளுக்குத் தெரிந்த தொழில்தானே.

சமையலறைக்கு ஓடி, தேங்காய் மூடியையும் துருவியையும் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். "அப்பா, இதைத் துருவித் தாங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "துருவணுமா? நானா?" சட்டைக் கையை மடித்துக்கொண்டு துருவினார். முழங்கால் வரை வந்தது. ஊசியில் நூல் கோக்கச் சொன்னாள். கணுக்கால் வந்தது. கிரேன் கொக்கியைக் காற்றில் ஆடாமல் எப்படி இறக்குவது என்று கேட்டாள். அவர் எழுந்து நின்றே சொன்னார். கால் விரல் பத்தும் வந்துவிட்டன. வினோலியா வாய்விட்டுச் சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் போனை எடுக்கப் போனாள். கை அதன் ஊடாகப் போய்விட்டது.

மூக்கால் அழுத்தி அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"யாரு?" என்றார் தணிகைவேல் சார். உற்சாகமாக இருந்தார்.

"வினோலியா, சார். என் கை போயிடுச்சு."

"ரொம்பப் பிரமாதமா ஓடுது. ஒரு வாரம்னு இருந்ததை நான் ஒரு மணி நேரமாக்கிட்டேன். யாரு பேசறீங்க?"

"வினோலியா சார்!"

"எந்த வினோலியா?" போனை வைத்துவிட்டார்.

கடந்த ஒரு மணி நேரத்தில் யாரும் அவளிடம் எந்த உதவியும் கேட்டிருக்கவில்லை. அவள்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, என்கிட்ட எதாவது கேளுங்க."

"என்ன கேக்க?"

"எது வேணா கேளுங்க. தண்ணி கேளுங்க."

"நானே மோந்து குடிச்சிக்கிடுதேன்."

"காபி?"

"வயிறு நெறைஞ்சி கெடக்கு."

"முதுகு தேய்ச்சுவிடவா? மாத்திரை எடுத்துத் தரவா? என்னைத் திட்டவாவது திட்டுங்கப்பா!"

"ஒன்ன எதுக்குத் திட்டணும்? பச்சப் புள்ள," என்றார். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்ளா. நீ ஒன் சோலியப் பாரு."

அவள் இடுப்பு வரை இருந்தாள். அப்பா புதுக் காலோடு சமையலறைக்கு நடந்தார். தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். துருவிய தேங்காயில் சர்க்கரை போட்டால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. சர்க்கரை டப்பா மேல் தட்டில் இருந்தது. எறும்புக்குப் பயந்து அவள்தான் அங்கே வைத்திருந்தாள். அவர் கை நீட்டினார். எட்டவில்லை. நுனிக்காலில் நின்றார். எட்டவில்லை.

"ஏளா, வினோலி," என்றார்.

"என்னப்பா?" அவளுக்கு வாயும் கண்ணும் மிச்சம் இருந்தன. "சொல்லுங்கப்பா. சொல்லுங்க."

அப்பா டப்பாவைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"ஒண்ணுமில்ல," என்றார். "நானே எடுத்துக்கிடுதேன்."

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கால்கள் உறுதியாக நின்றன. தரைக்கு அடியில் ஒரு தரம் களுக்கென்றது. அவர் டப்பாவை எடுத்தார். இதை இவ்வளவு உயரத்தில் யார் கொண்டுபோய் வைத்தது என்று நினைத்துக்கொண்டே, பார்த்து மெதுவாக இறங்கினார்.