எல்லாவற்றுக்கும் ‘எப்போதும்’

ஞாயிற்றுக்கிழமையானால் ஊர் உலகமெல்லாம் திருப்பதிக்குப் போவது சாமி கும்பிட. ஸ்வர்ணலதா போவது எம்.பி.ஏ. படிக்க. பிச்சாட்டூரில் காலை ஆறரைக்கு பஸ் ஏறுவாள். புத்தூரில் மொட்டை போடப் போகிற குடும்பங்கள் ஏறி அவளை ஜன்னலோடு நெருக்கிவிடும். “இன்னா வேண்டுதல்மா, தனியாப் போய்க்கினு கீற?” என்று யாராவது ஓர் அம்மா கேட்பாள். “ரெண்டு வருஷ வேண்டுதல்” என்பாள் இவள். அதில் பொய்யில்லை, படிப்பு ரெண்டு வருஷம்தான்.

மற்ற ஆறு நாளும் அவள் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் போன் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவளுடைய லைனில் இருபத்திரண்டு பெண்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளும் அதே லைனில் ஸ்டூல் போட்டு ஸ்க்ரூ முடுக்கியவள்தான். பக்கத்து ஸ்டூல் அலர்மேல்மங்கையுடையது. ஒரே தெருக்காரிகள், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தி டப்பாவில் இருப்பதை இன்னொருத்தி தின்று வளர்ந்தவர்கள்.

சூப்பர்வைசர் ஆன முதல் நாள் கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டை அவளுக்கு ஒதுக்கினார்கள். அதுதான் அங்கே வழக்கம். இரண்டு பேர் உட்காரலாம். பக்கத்தில் பையை வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பை தினமும் அங்கேதான் பயணம் செய்கிறது. யாரும் அதை எடுக்கச் சொன்னதில்லை. மரியாதை கொடுக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது சுகமாகவும் இருந்தது.

வகுப்பில் அந்த மாதம் மேனேஜ்மென்ட் ஸ்டைல் பாடம். சித்தூரிலிருந்து வருகிற ஹரிபிரசாத் சார் நடத்தினார். நாற்பது கேள்வி கொண்ட ஒரு தாளைக் கொடுத்து, தன்னைப் பற்றித் தானே எழுதச் சொன்னார். பிறகு அறையின் நாலு மூலைக்கும் நாலு பெயர் வைத்தார். அதட்டி வேலை வாங்குகிறவர் ஒரு மூலை, கலந்து பேசுகிறவர் ஒரு மூலை, கண்டுகொள்ளாதவர் ஒரு மூலை, தோழமையாக நடத்துகிறவர் ஒரு மூலை. ஸ்வர்ணலதா நேராகத் தோழமை மூலைக்குப் போய், பஞ்சாயத்துத் தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

சார் சிரித்தார். “இது நீங்க சொல்றது. உங்க கீழ வேலை செய்றவங்க என்ன சொல்றாங்கன்னு பார்க்கலாமா?” என்று தெலுங்கில் கேட்டு, ஆளுக்கு ஐந்து தாள் கொடுத்தார். இருபது கேள்விகள். எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை என்று மூன்று கட்டங்கள். பெயர் போடக்கூடாது. கவரில் ஒட்டி வாங்க வேண்டும். அடுத்த வாரம் வகுப்பில்தான் பிரிக்க வேண்டும்.

புதன்கிழமை டீ இடைவேளையில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தாள். அலர்மேல்மங்கையும் அதில் ஒருத்தி. மற்றவர்கள் எப்படிப் போட்டாலும் அலரு உள்ளதை உள்ளபடி போடுவாள் என்பது அவள் நம்பிக்கை. சின்ன வயதில், “இந்தப் பாவாடையில நீ பூசணிக்காய் மாதிரி கீறடி” என்று முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே ஜீவன் அது.

“பேரு போட வாணாம். மனசுல இன்னா கீதோ அதப் போடுங்க” என்று சொல்லிவிட்டு, பெருந்தன்மையாகத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள். மூன்றே நிமிடத்தில் ஐந்து கவரும் வந்துவிட்டன. யோசிக்கக்கூட இல்லையே, அத்தனை பிரியமா என்று அவளுக்குக் கண் கலங்கியது. பாவம், அவ்வளவு அப்பாவி.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கவர்களைப் பிரித்தாள். ஐந்து தாளிலும் இருபது கேள்விக்கும் முதல் கட்டத்திலேயே டிக். ‘நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்’: எப்போதும். ‘எல்லார் முன்னாலும் என்னைத் திட்டுவார்’: எப்போதும். ‘என் கஷ்டத்தை அவரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது’: எப்போதும்.

பக்கத்து பெஞ்சு நிதின் எட்டிப் பார்த்துவிட்டான். “ஏமண்டி, தினமும் காது குடுத்துக் கேட்டுட்டு, தினமும் திட்டுவீங்களா?” என்றான். வகுப்பே சிரித்தது. அவளும் கூடச் சிரித்தாள். ஹரிபிரசாத் சார் வந்து தாள்களைப் புரட்டினார். “படிக்காமலே போட்டுட்டாங்க. பர்வாலேது. வேற அஞ்சு பேர்கிட்ட வாங்கிட்டு வாங்க” என்று அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். அவருக்கு அது பர்வாலேது, பரவாயில்லை. அவளுக்கு அப்படி இல்லை, ஏனென்றால் அந்த டிக்குகள் யார் கற்றுக்கொடுத்தவை என்று அவளுக்குத் தெரியும்.

வருஷத்துக்கு இரண்டு முறை, சார்ஜர் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆடிட் வருவார்கள். தண்ணீர் உண்டா, லீவு உண்டா, சூப்பர்வைசர் எப்படி என்று பெண்களிடம் தனித்தனியாகக் கேட்பார்கள். முந்தின நாள் லைனை நிறுத்திப் பாடம் நடத்துவது அவள்தான். “பேப்பர் குடுத்தா மேலருந்து கீழ மொத கட்டத்துலயே டிக் போட்டுக்கினு வாங்க. படிச்சிக்கினு குந்தினா சந்தேகம் வரும். வாயால கேட்டா, ‘மேடம் எங்கள நல்லாப் பாத்துக்கறாங்க சார்’னு சிரிச்சிக்கினே சொல்லணும்.” அந்த வாக்கியத்தை அவளே யோசித்துச் செய்தாள். இருபத்திரண்டு பேரையும் ஒவ்வொருத்தராகச் சொல்ல வைத்துப் பார்த்தாள். மேனேஜர் கைகொடுத்துப் பாராட்டினார்.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று அவளால் புலம்பக்கூட முடியாது. கடா பாயவில்லையே, பழக்கின வழியில் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. ஐந்து தாளையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதில் அலருவின் தாள் எது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளை அழவைத்தது.

‘என்னைப் பற்றி நான் அறிந்தது’ என்று ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். ஊர் திரும்பும் பஸ்ஸில் நோட்டைத் திறந்து ‘தோழமை’ என்று எழுதி, அடித்தாள். சுற்றிலும் மொட்டைத் தலைகள் அசந்து தூங்கின. நாளைக்கு அலருவைக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். பேப்பர் பொய் சொல்லும், அலரு சொல்லமாட்டாள். திட்டினாலும் சரி, பூசணிக்காய் என்றாலும் சரி.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அலர்மேல்மங்கை ஏறினாள்.

“அலரு, இங்க வந்து குந்துடி.”

பின்னால் கலகலவென்று இருந்த பேச்சு அப்படியே நின்றுபோனது. அலர்மேல்மங்கை வந்து சீட்டின் நுனியில் பாதி உடம்போடு உட்கார்ந்தாள்.

“அந்தப் பேப்பர உடு. நான்தான கேக்கறேன், நெஜத்தச் சொல்லு. நான் உங்கள எப்டி நடத்தறேன்?”

அலர்மேல்மங்கை கம்பியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, முகத்துக்கு நேராக, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“மேடம் எங்கள நல்லாப் பாத்துக்கறாங்க.”

ஒரு சொல் பிசகவில்லை. ‘சார்’ மட்டும்தான் இல்லை.

“நீங்க ஃப்ரீயா குந்துங்க மேடம்” என்று சொல்லி அலரு எழுந்து பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கே மறுபடியும் பேச்சு ஆரம்பித்தது, முன்னைவிடத் தணிந்த குரலில்.

ஸ்வர்ணலதா பையைத் திரும்பப் பக்கத்தில் வைக்கவில்லை. மடியிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாகலாபுரத்தில் அவள் லைன் பெண்கள் நாலு பேர் ஏறினார்கள். பின்னால் இடமில்லை. நாலு பேரும் காலியாக இருந்த அந்தப் பாதி சீட்டைப் பார்த்தார்கள், “குட் மார்னிங் மேடம்” என்றார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு கம்பெனி கேட் வரை நின்றுகொண்டே வந்தார்கள்.