செங்கோட்டை ரோட்டில் ஒரு சைவ ஓட்டல்

அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டு விழுந்தது என்றுதான் எனக்கு நினைவு. ஆனால் என் நினைவை நம்பி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. செங்கோட்டை மலையாளச் சீமையை விட்டு நம் பக்கம் சேர்ந்த மறு வருஷமா, அதற்கும் அடுத்ததா என்பதே எனக்குக் குழப்பம். பேசியவர்களின் குரல் காதில் இருக்கிறது. எதை முதலில் சொன்னார்கள், எதைப் பிறகு சொன்னார்கள் என்பது கலைந்துவிட்டது. பிசகு இருந்தால் திருத்துவதற்கு இப்போது ஆளும் இல்லை.

தென்காசியில் மூசா பாய்க்கு ஒரு கைலிக் கடை இருந்தது. கடையநல்லூர்த் தறிகளிலிருந்து சரக்கு எடுத்து வந்து விற்பார். கடைக்கு மேலே இருந்த அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பத்திர ஆபீசில் குமாஸ்தா வேலை, தனிக்கட்டை, மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு. சாயங்காலம் கீழே இறங்கி அவர் கடையில் உட்கார்ந்துகொள்வேன். கையில் ஏதாவது புத்தகம் இருக்கும். அவர் துணிகளை மடிப்பார். விளக்கேற்றும் நேரம் வரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. அப்படி இருக்க முடிந்த இன்னொரு மனிதரை நான் பிற்பாடு சந்திக்கவில்லை.

அந்த மௌனத்துக்குள்தான் ஒருநாள் கேட்டார்: "பிள்ளைவாள், இந்த ஊர்ல நல்ல சைவ ஓட்டல் எதுவே?"

அவர் மனைவி ஹாஜரா பீவிக்கு வயிற்றில் நோவு. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றும், இப்போதிருக்கும் உடம்பு அதைத் தாங்காது என்றும், கொஞ்சம் தேற்றிக் கொண்டு வரும்படியும் டாக்டர் சொல்லியிருந்தார். தேறுவதற்கு அவர் சாப்பிட வேண்டும். கறியும் மீனும் கூடாது. அவற்றைச் சமைத்த பாத்திரத்தின் வாடையே அவருக்குக் குமட்டியது. வீட்டில் எதைச் செய்து கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

நான் வழக்கமாகச் சாப்பிடும் நம்பிராஜன் ஓட்டலுக்கு அவரைக் கூட்டிப்போனேன். நம்பிராஜன் கல்லாவிலிருந்தே சிரித்தார்.

"வாரும் பாய். நீரும் இங்கன வந்துட்டீரா? அப்ப இந்த வருஷம் ஆட்டுக்கெல்லாம் ஆயுசு கெட்டி."

இட்லியும் இஞ்சித் துவையலும் கேரியரில் போயின. ஹாஜரா பீவி முழுக்கச் சாப்பிட்டார். மறுநாளும் சாப்பிட்டார். அதற்கு மறுநாள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்துவிட்டாராம். வேறு ஓட்டல் சொன்னேன். அங்கேயும் அதே கதை. புது ஓட்டல் என்றால் ஒரு நாளோ இரண்டு நாளோ சாப்பிடுகிறார், பிறகு மறுத்துவிடுகிறார் என்று புரிந்தபோது தென்காசியில் ஓட்டல்கள் தீர்ந்திருந்தன.

நல்லவேளை, சீசன் தொடங்கியது. குற்றாலத்தில் ஓலைக் கொட்டகைகள் எழும்பின. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து அடுப்புப் போட்டார்கள். நானும் மூசா பாயும் சைக்கிளில் போவோம். நனைந்துகொண்டே ஒவ்வொரு கொட்டகையாக ஏறி இறங்குவோம். முதலில் நாங்கள் சாப்பிட்டுப் பார்ப்பது, பிறகு வாங்குவது. ஒரு கொட்டகையில் அடை நன்றாக இருக்கும், ஒன்றில் சேவை. ஓரிடத்தில் ரசத்தைக் குடித்துவிட்டு மூசா பாய் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். "இது எறங்கும்" என்றார்.

ஒருநாள் கேரியரோடு நானும் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் என்னை உட்கார வைத்தார்கள். உள்ளறை வாசலில் திரை தொங்கியது. திரைக்கு அப்பாலிருந்து ஹாஜரா பீவி கேட்டார்.

"அண்ணாச்சி, இந்த ஓட்டலு எங்கன இருக்கு?"

"ஐந்தருவிக்குப் போற பாதையிலம்மா."

"வாசல்ல என்ன போட்டிருக்கு?"

"ஒரு வாழைக்குலை கட்டித் தொங்குது. ஒரு குரங்கு அதையே பாத்துக்கிட்டு இருந்தது."

கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம் கேட்டது. சாப்பிடுகிறார்.

"குளிச்சிட்டு ஈரத் தலையோட பொம்பளையளும் வருதாங்களா?"

"வருதாங்க."

"ஆம்பளையளுக்கு முன்னால இருந்தா சாப்பிடுதாங்க?"

"கொஞ்சம் தள்ளி உக்காந்து சாப்பிடுதாங்க."

சத்தம் நின்றது. நான் மேற்கொண்டு எதையாவது சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார் என்று தோன்றியது. சர்வருக்குக் காது கேட்காது என்றும், விரலைக் காட்டித்தான் இட்லி கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். உள்ளே மெல்லிய சிரிப்பு. மறுபடி கரண்டிச் சத்தம். மூசா பாய் என்னைப் பார்த்தார். சாப்பாடு எவ்வளவு இறங்குகிறது என்பது ரசத்தில் இல்லை, சொல்லுவதில் இருக்கிறது என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. கூண்டு வண்டியில் கடையநல்லூரிலிருந்து கல்யாணமாகி வந்தவர் ஹாஜரா பீவி. அந்த வீட்டை விட்டு எத்தனை தரம் வெளியே போயிருப்பார் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

ஆவணியில் வெயில் வந்தது. அருவியில் தண்ணீர் சுருங்கியது. கொட்டகைகளைப் பிரித்து ஓலையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றோம்.

அன்று மூசா பாய் நம்பிராஜன் ஓட்டலிலேயே இட்லி வாங்கினார். வீட்டில் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "புது ஓட்டலு. செங்கோட்டை ரோட்டுல. ஒரு மலையாளத்தம்மா நடத்துதா."

"பொம்பளையா?"

நான் தரையைப் பார்த்தேன். மூசா பாயின் குரல் தடுமாறி, பிறகு சரளமானது. அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. ஓட்டலுக்குப் பின்னால் ஓடை. ஓடைக்கரையில் உட்காரக் கல் போட்டிருக்கிறது. மலையாளத்தம்மா இலையைத் தானே கழுவிப் போடுகிறாள். பெண்களுக்குத் தனியாகத் திரை கட்டியிருக்கிறாள். அதற்குள் ஆண்கள் போக முடியாது.

ஹாஜரா பீவி அன்று நாலு இட்லியும் சாப்பிட்டார். அந்த ஓட்டலை அவர் மறுக்கவே இல்லை. பத்து நாளுக்கு மேல் அதே இட்லி, தினமும் ஓடையில் புதுப்புது விசேஷம். முகம் தெளிந்திருக்கிறது என்று மூசா பாய் சொன்னார். பாளையங்கோட்டைக்குப் போக நாள் பார்க்கலாம் என்றார்.

பிறகு ஒரு சாயங்காலம் திரைக்குள்ளிருந்து வந்தது:

"அங்க நான் போலாம்லா?"

மூசா பாய் கேரியர் மூடியை எடுத்து மறுபடி மூடினார்.

"தனியா திரை கட்டியிருக்குன்னு சொன்னீங்கள்லா. ஒருக்க போய்ச் சாப்பிட்டுட்டு வருதேன். அதுக்குப் பொறவு ஆசுத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

வெளியே வந்து வெகுதூரம் நடந்தோம். ரயில்வே கேட் அருகில் அவர் நின்றார்.

"இல்லாத ஓட்டலுக்கு எப்படிவே கூட்டிட்டுப் போவேன்?"

"மூடிட்டாங்கன்னு சொல்லலாம்."

"சொன்னா சாப்பாட்டையும் மூடிருவா."

மறுநாள் இருவரும் செங்கோட்டை ரோட்டில் சைக்கிளை விட்டோம். பெண் நடத்தும் சைவச் சாப்பாட்டுக் கடை எங்கேயாவது உண்டா என்று வழிநெடுகக் கேட்டோம். இலஞ்சிக்குப் பாதை பிரியும் விலக்கில் ஒரு வண்டிக்காரன் கை காட்டினான். புளியமரத்தடியில் சாய்ப்பு இறக்கிய ஒரு குடிசை. குருவம்மாள் என்று பெயர். வண்டிக்காரர்களுக்கு இட்லியும் பயறும் விற்றுப் பிழைப்பவள். பின்னால் ஓடை இல்லை, வயல் வாய்க்கால் இருந்தது.

மூசா பாய் எல்லாவற்றையும் சொன்னார். குருவம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"பொய் சொன்னது நீரு. அதுக்கு நான் ஓட்டல் கட்டணுமாக்கும்?"

"ஒரு நாளைக்குத்தான்."

"மலையாளம் வேற பேசணுமோ?"

"வேண்டாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகைதான் காரணமாக இருக்கும். "ரெண்டு சேலை இருக்கு. கட்டி வைக்கேன். கூட்டிட்டு வாரும்" என்றாள்.

கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் மெத்தை போட்டு ஹாஜரா பீவியைக் கொண்டுபோனோம். நான் சைக்கிளில் பின்னால் வந்தேன். துப்பட்டியால் மூடிய ஒரு சின்ன உருவத்தைக் குருவம்மாள் தாங்கி இறக்கி, சேலைகளுக்குப் பின்னால் கூட்டிச் சென்றாள். பார்த்தால் பத்து வயதுப் பெண்ணை நடத்திப்போவது போல இருந்தது.

நானும் மூசா பாயும் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இரண்டு பெண்களும் பேசுவது கேட்டது, வார்த்தை புரியவில்லை. குருவம்மாளின் குரல்தான் அதிகம். ஒருமுறை இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். மூசா பாய் ஒரு புல்லைப் பிடுங்கி விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். வெயில் வயலின் அந்தப் பக்கம் போன பிறகும் அவர்கள் வெளியே வரவில்லை. நாங்கள் கூப்பிடவும் இல்லை.

வெளியே வந்ததும் குருவம்மாள் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "அரை இட்லி சாப்பிட்டா. மிச்ச நேரமெல்லாம் அந்த வாய்க்காலையேதான் பாத்துட்டு இருந்தா."

வண்டி கிளம்பியது. சிறிது தூரம் போனதும் கூண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அந்தம்மா மலையாளத்துக்காரி இல்ல. இலஞ்சிக்காரி."

வண்டியோடு நடந்துகொண்டிருந்த மூசா பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க இவ்வளவு பேசுவீங்கன்னு இத்தன வருசமா எனக்குத் தெரியாதுல்லா," என்றார் ஹாஜரா பீவி. "நல்லாருந்துச்சு. இனிமே எங்கயும் தேட வேண்டாம்."

அதை மூசா பாய் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டார். குருவம்மாள் கடை பிடித்துவிட்டது, இனி அங்கிருந்தே வாங்கலாம் என்று என்னிடம் சொன்னார். எனக்கு அந்தக் குரல் போதும் என்று சொல்வது போலக் கேட்டிருந்தது. மறுநாள் விடியுமுன்பே இலஞ்சி விலக்குக்குப் போய் கேரியரை நிறைத்துக்கொண்டு வந்தார். ஹாஜரா பீவி திறந்து பார்க்கவில்லை. அதற்கடுத்த நாளும் பார்க்கவில்லை. மூசா பாய் திரைக்கு இப்பால் உட்கார்ந்து, தெரிந்த ஓட்டல், தெரியாத ஓட்டல் எல்லாவற்றையும் சொன்னார். உள்ளே கரண்டிச் சத்தம் கேட்கவில்லை.

புரட்டாசி கடைசியில் ஹாஜரா பீவி இறந்தார். பாளையங்கோட்டைக்குப் போகவே இல்லை. மூசா பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பினாங்குக்குக் கப்பலேறினார். அறுபத்து நாலில் அங்கேயே இறந்துபோனதாகச் சேதி வந்தது. நம்பிராஜன் ஓட்டலை விற்றுவிட்டு மகனோடு மதுரைக்குப் போனார். குருவம்மாள் கண் மங்கும் வரை இலஞ்சி விலக்கில் இட்லி விற்றாள். பிறகு வடகரையில் மகள் வீட்டில் இருந்து அங்கேயே முடிந்தாள். எனக்குக் கோவில்பட்டிக்கு மாற்றலானது. அங்கே பத்திர ஆபீசுக்கு எதிரில் ஒரே ஓட்டல்தான். அதிலேயே சாப்பிட்டு வருகிறேன்.