அடி எண்ணும் கையுறை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. எல்லாம் சின்ன மாப்பிள்ளை தன் வாயாலேயே சொன்னது. சொல்வதற்கு முன் இடது கையைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். சத்தியத்தை யாராவது இடது கையால் செய்வார்களா என்று கேட்கலாம். அந்தக் கையில்தான் கையுறை மாட்டியிருந்தது. கையுறை போட்ட கையால் செய்தால்தான் சத்தியம் நிற்கும் என்பது அவர் கட்சி.

கோல்ஃப் சாமான் விற்கும் கடை அவருடைய மாமனாருடையது. மாமனாருக்கு இரண்டு பெண்கள், ஆகவே இரண்டு மாப்பிள்ளைகள். கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி மட்டும் ஒன்றே ஒன்று. பெரிய மாப்பிள்ளை நின்றாலே விற்பனை நடக்கும். மட்டையை எடுத்து வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அதற்கே வாங்க வந்தவர் மயங்கிவிடுவார். சின்னவர் அப்படியில்லை. வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கை மட்டையைத் தலையில் கட்டியவர். கடைக் கண்ணாடியைத் துடைக்கப் போய்க் கண்ணாடியோடு உள்ளே விழுந்தவர். மாமனார் இவற்றை விரல் விட்டு எண்ணுவார். சுண்டுவிரலில் தொடங்கிக் கட்டைவிரலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கும். தண்ணீர் குடித்துவிட்டுக் கையை மாற்றுவார்.

முழங்கால் வலி தாங்காமல் ஒருநாள் அவர் முடிவைச் சொல்லிவிட்டார். கோல்ஃப் சாமான் கண்காட்சிக்கு இருவரும் போக வேண்டும். ஆளுக்கு ஒரு புதுச் சாமான் கொண்டுவர வேண்டும். எது கடையில் தங்காமல் ஓடுகிறதோ, அதைக் கொண்டுவந்தவருக்கு நாற்காலி.

சின்னவரின் மனைவி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே ஒன்றுதான் சொன்னாள். "போன தடவை மாதிரி ஓசித் தொப்பியைப் போட்டுக்கிட்டு வந்து நிக்காதீங்க. அக்கா வீட்டுக்காரரு உக்காந்துட்டாருன்னா, நாம ஆயுசு பூரா நின்னுக்கிட்டேதான் இருக்கணும்."

கண்காட்சி மண்டபம் விமானம் நிறுத்துகிற கொட்டகை அளவுக்கு இருந்தது. உள்ளே புது ரப்பர் நெடி, தரைவிரிப்புப் பசை நெடி. இஸ்திரிப் பெட்டி மாதிரி தலை வைத்த மட்டை ஒரு ஸ்டாலில். நடக்கும்போதே காலைப் பிடித்துவிடும் காலணி இன்னொன்றில். மழை வருவதற்கு முன்பே தானாக விரியும் குடை ஒன்று மண்டபத்துக்குள்ளேயே விரிந்துகொண்டது. என்ன செய்தும் மடங்கவில்லை. விற்பவர் அசரவில்லை. எங்கேயோ பெய்கிறது என்றார்.

ஸ்டாலுக்கு ஸ்டால் வலை கட்டியிருந்தார்கள். வருகிறவர்கள் மட்டையை வாங்கி வலையில் ஒரு அடி அடித்துப் பார்ப்பது அங்கே வழக்கம். பந்து எட்டிப் பிடிக்கிற தூரத்திலேயே வலையில் பட்டு விழுந்துவிடும். திறந்த வெளியில் அது எந்தப் புதருக்குள் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. விற்பவர் "அற்புதம் சார்" என்பார், அடித்தவர் ஒத்துக்கொள்வார். அந்த மண்டபத்தில் கோணலாக அடித்தவர் ஒருவர்கூட இல்லை.

மத்தியானத்துக்குள் பெரிய மாப்பிள்ளை தன் சாமானைப் பிடித்துவிட்டார். உள்ளே சில்லு வைத்த பந்து. அடித்த மறு நொடியே எத்தனை மீட்டர் போனது, எந்தப் பக்கம் திரும்பியது என்று ஃபோனில் துல்லியமாகச் சொல்லிவிடும். ஊரில் நம் கடைக்கு மட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, சகலையின் தோளில் கை போட்டார். "சும்மா நல்லா சுத்திப் பாருங்க தம்பி. அதுக்கும்தானே வந்தோம்."

தம்பியின் பையில் அதுவரை ஆறு தொப்பி சேர்ந்திருந்தது.

கால் கடுக்க, கழிப்பறைக்குப் பக்கத்தில் கடைசி மூலையில் இருந்த ஸ்டாலில் போய் உட்கார்ந்தார். அங்கே உட்கார இடம் இருந்ததற்குக் காரணம், வேறு யாரும் அங்கே வராததுதான். ஸ்டால்காரர், மெலிந்த இன்ஜினியர், விளம்பரத் தட்டியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மேஜையில் கையுறைகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் மணிக்கட்டிலும் சின்னத் திரை.

என்ன இது என்று கேட்டதற்கு, ஆட்டக்காரர் எத்தனை அடி அடித்தார் என்று எண்ணும் கையுறை என்றார் இன்ஜினியர். கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. சொல்லும்போதே முகம் சுண்டிவிட்டது.

"எண்ணலையா?"

"எண்ணுது சார். பந்துல சுத்தமா பட்டா எண்ணுது. தரையைக் கொத்தினாலோ, பந்து ஓரத்துல பட்டுச் சிதறினாலோ, சும்மா கையை வீசிப் பாக்குறாருன்னு நெனச்சு விட்டுடுது. நானும் சரி பண்ணிப் பாக்குறேன், பிடிபடவே மாட்டேங்குது."

சின்ன மாப்பிள்ளை கையுறையை மாட்டிக்கொண்டு வலைமுன் நின்றார். முதல் அடி தரைவிரிப்பைக் கிழித்தது. அடுத்தது வலைக் கம்பத்தில் பட்டது. அதற்கடுத்தது இன்ஜினியரின் தண்ணீர்ப் பாட்டிலைச் சாய்த்தது. கடைசியில் ஒன்று எப்படியோ பந்தில் பட்டுத் தொலைத்தது. திரையைப் பார்த்தார். ஒன்று என்று இருந்தது. பிறந்ததிலிருந்து அவரிடம் யாரும் இத்தனை பெருந்தன்மையாக நடந்துகொண்டதில்லை.

இன்ஜினியரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதைச் சரி மட்டும் பண்ணிடாதீங்க."

ஊர் திரும்பியதும் இரண்டு சாமானையும் கடை வாசலில் வைத்தார்கள். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி, கடையின் பழைய வாடிக்கையாளர். பெரியவர் கொடுத்த பந்தோடு மைதானத்துக்குப் போனவர், போன வேகத்தில் திரும்பினார். தான் அடித்தால் இருநூறு மீட்டர் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த மனிதர்; பந்து அறுபது என்று சொல்லியிருக்கிறது, அதுவும் நண்பர்கள் முன்னால்.

"காலம் பூரா தீர்ப்பு சொன்னவன் நான்," என்று பந்தைக் கல்லாவில் வைத்தார். "எனக்கு ஒரு பந்து தீர்ப்பு சொல்லுதா?"

சின்னவர் கையுறையை நீட்டினார். சாயங்காலம் நீதிபதி வந்தபோது நடையே மாறியிருந்தது. இன்னொரு கையுறை வேண்டும், தன்னோடு போட்டிக்கு ஆடும் பல் டாக்டருக்கு மட்டும் இதை விற்கக் கூடாது என்றார். அவருக்குப் பின்னாலேயே பல் டாக்டர் நின்றிருந்தார்.

அந்த மாதக் கடைசியில் நடந்த கோப்பைப் போட்டியில் நீதிபதி பதினெட்டுக் குழியையும் பதினொரு அடியிலேயே முடித்தார். குழிக்கு ஒரு அடியாவது வேண்டாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய பல் டாக்டர் ஒன்பதில் முடித்திருந்தார். அதிலும் ஒன்று வீணாய்ப் போனதாக வருத்தப்பட்டார். இன்னும் ஏழெட்டுப் பேர் அதே ஒன்பதில் முடித்திருந்ததால், கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கடைசியில் ஆளுக்கொரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. கையுறை வாங்கத் தெருமுனைவரை வரிசை நின்றது. பெரிய மாப்பிள்ளையின் பந்துகள் பெட்டியிலேயே கிடந்தன. நேர்மையான பந்துகள் அவை. ஓரடிகூட நகரவில்லை என்று தினமும் காலையில் அவருடைய ஃபோனுக்குத் தவறாமல் தகவல் அனுப்பின.

மாமனாருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒரு சாமான் ஓடினால் ஆள் சரியாகிவிடுவாரா? இரண்டு மாப்பிள்ளைகளையும் பெண்களையும் கல்லா முன் நிற்கவைத்தார். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று ஒரு கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, சின்னவருடைய குற்றங்களை எண்ண ஆரம்பித்தார். இடக்கை மட்டை என்று சொல்லி மேஜையில் ஒரு தட்டு. கண்ணாடி என்று ஒரு தட்டு. ஓசித் தொப்பி என்று ஒரு தட்டு. பெரிய பெண் தலையாட்டிக்கொண்டே வந்தாள். இரண்டு சுற்று முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு, மாமனார் திரையைப் பார்த்தார். பூஜ்யம்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து எண்ணினார், இன்னும் ஓங்கித் தட்டி. பூஜ்யம்.

மாமனார் மெஷினை நம்புகிறவர். தராசு, கால்குலேட்டர், கடிகாரம் எதையும் அவர் மறுத்துப் பேசியதில்லை. கையுறையைக் கழற்றிப் பத்திரமாக மடித்து வைத்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இத்தனை நாளா நான்தான் தப்பா எண்ணியிருக்கேன். வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க."

பெரிய மாப்பிள்ளையே தன் கைக்குட்டையால் நாற்காலியைத் தூசி தட்டிக் கொடுத்தாராம். சின்னவர் உட்கார்ந்தார். அவர் கண்காட்சிக்குக் கிளம்பியபோது தான் சொன்னதை மறந்தவளாய் அவர் மனைவி சிரித்தாள்.

கடை இப்போதும் அதே தெருவில்தான் இருக்கிறது. கல்லாவில் பெரிய மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நின்றபடி, கையுறை போட்ட கையைத் தலைமேல் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் சின்னவர்.