மருமகளின் மாத்திரை

கலீல் ரஹ்மான் அன்று காலையும் அத்தாவின் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் இரண்டு மாத்திரைகளை வைத்தான்.

"சத்து மாத்திரை அத்தா. முழுங்கிட்டு டீயைக் குடிங்க."

முகைதீன் மாத்திரையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் விழுங்கினார். மனைவி கைருன்னிசா இறந்ததிலிருந்து அவர் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. சோறு வைத்தால் கொஞ்சம் கொறிப்பார், வைக்க மறந்தால் அதற்கும் கோபப்படமாட்டார். உத்தமபாளையத்தில் வாழைத்தார் ஏலம் என்றால் அவர் குரல்தான் முதலில் கேட்கும். அந்த மனிதர்தான் இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மருமகள் சாதியாவுக்கு அந்த மாத்திரை அட்டையை நன்றாகத் தெரியும். அவள் தினமும் சாப்பிடுவது அதைத்தான். இளைய குழந்தை பிறந்த பிறகு அவளுக்கு உலகமே இருண்டுபோனது. பிள்ளை அழுதால் தூக்கக்கூடக் கை எழவில்லை. தேனியில் நாகஜோதி என்ற மனநல மருத்துவரிடம் போய், அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுத்தான் தேறி வந்தாள். வீட்டுக்கு வெளியே இது யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பது கலீலின் உத்தரவு.

"என்னங்க, என் மாத்திரையவா மாமாவுக்குக் குடுக்கிறீக?" என்று கேட்டாள்.

"மெல்லப் பேசு. உன்னோடதை எடுக்கல. மெடிக்கல்ல தனியா வாங்கினேன்."

"டாக்டர் சீட்டு இல்லாமயா?"

"தெரிஞ்ச கடை. பேரைச் சொன்னேன், குடுத்தாக. உனக்கு இந்த மாத்திரை கேட்டுச்சுல்ல? அத்தாவுக்கும் அதே நோவுதான? ஒரே நோவுக்கு எதுக்கு ரெண்டு டாக்டரு?"

"ரெண்டு மாத்திரை எதுக்கு?"

"மொத வாரம் ஒண்ணுதான் குடுத்தேன். ஒண்ணும் தெரியல. அதான் ரெண்டாக்கிட்டேன்."

சாதியா அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். "எனக்கே ஒரு மாசம் போயித்தாங்க கொஞ்சம் தெளிஞ்சுச்சு. உடனே கேக்காது, நீயா கூட்டாத, நீயா நிறுத்தாதன்னு டாக்டர் அம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாக. புள்ளைக்குப் பால் குடுக்கிறியான்னு கேட்டு, பாலுக்கு ஆகுற மாத்திரையாப் பாத்து எழுதுனாக. மாமாவுக்கு எழுவது தாண்டிருச்சு. பிரஷருக்கு வேற மாத்திரை போடுறாக. நேத்துல இருந்து நடையே சரியில்ல, நீங்க பாக்கலையா?"

"இன்னிக்குக் கம்பத்துல இருந்து சம்பந்தி வீட்டுக்காரக வர்றாக. தங்கச்சி ஷாஜியா கல்யாணத் தேதி பேசணும். இந்தப் பேச்சை இதோட விடு. உன் அட்டையை அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டு."

நம் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கல்யாணப் பந்தியில் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொல்வார்கள். மூலத்துக்கு எங்கே காட்டினார்கள் என்று பஸ்ஸில் உரக்கப் பேசுவார்கள். மனசுக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்று ஒருத்தி சொன்னால் மட்டும் அவள் தங்கச்சிக்கும் நாத்தனாருக்கும் மாப்பிள்ளை கிடைக்காது. இந்த வெட்கத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

பதினொரு மணி வாக்கில் அப்துல் வாஹித் வந்தார். கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர், மாப்பிள்ளையின் தகப்பனார். உறவுக்காரர்கள் சிலரும் கூட வந்திருந்தார்கள். ஷாஜியா உள்ளறையில் பட்டுச்சேலையோடு காத்திருந்தாள். வந்தவர்களை வரவேற்க முகைதீன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அப்துல் வாஹித்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "கைருன்னிசா எங்கன போனா? வந்தவுகளுக்குத் தண்ணி குடுக்கச் சொல்லு" என்றார். அடுத்த நொடி அவர் கால் பின்னி, முகம் தரையில் மோத விழுந்தார்.

வாசலில் நின்ற அப்துல் வாஹித்தின் காரிலேயே தேனிக்குப் புறப்பட்டார்கள். வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழாக் கூட்டம். தீச்சட்டி ஏந்திய பக்தர்களுக்கு நடுவே கார் ஊர்ந்தது. முகைதீன் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பின் சீட்டில் அவர் தலையை மடியில் வைத்திருந்த சாதியா, பக்கத்தில் இருந்த கணவனின் காதருகே சொன்னாள்:

"அங்கன போனதும் டாக்டர்கிட்ட அந்த மாத்திரையைச் சொல்லிருங்க."

கலீல் சரியென்று தலையை ஆட்டினான்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் ஜோயல் இளைஞர், வேகமாக வேலை செய்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார், கண்ணில் விளக்கடித்தார். பெரியவர் கையை அமுக்கி, "ஐயா, இது எந்த ஊர்?" என்று கேட்டார். முகைதீன் ஏதோ குழறினார்.

"குழப்பமா இருக்காரு. பக்கவாதமா இருக்கலாம், வேற எதாவும் இருக்கலாம். என்னென்ன மாத்திரை சாப்பிடுறாரு? எதையும் விடாமச் சொல்லுங்க."

கலீல் திரும்பிப் பார்த்தான். கதவோரம் அப்துல் வாஹித் நின்றிருந்தார். அவர் பின்னால் உறவுக்காரர்கள்.

"பிரஷர் மாத்திரை மட்டும்தான் சார்."

"வேற ஒண்ணுமில்லையே?"

"இல்ல சார். அப்பப்ப சத்து மாத்திரை."

சாதியா ஒரு கணம் கணவனைப் பார்த்தாள். கெஞ்சுவதுபோல அவன் கண்ணால் சைகை காட்டினான். தங்கை கல்யாணம், குடும்ப மானம், ஜமாத்துக்காரர்கள் பேச்சு எல்லாம் அந்தச் சைகையில் இருந்தது. படுக்கையில் கிடந்த மாமாவின் உயிர் மட்டும் அதில் இல்லை. அவளுக்கு அப்படியொரு கோபம் வந்தது.

"பொய் சார்!" என்றாள். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. "என் மாத்திரையைக் குடுத்திருக்காக. நான் மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுறேன். சீட்டு இல்லாம அதையே வாங்கி மாமாவுக்கு ரெண்டு வாரமாக் குடுத்திருக்காக. போன வாரத்துல இருந்து ரெண்டு ரெண்டா. இந்தாங்க, மாமா போடுற பிரஷர் மாத்திரையையும் எடுத்துட்டு வந்திருக்கேன்."

கைப்பையிலிருந்து இரண்டு அட்டைகளையும் எடுத்து மேசை மேல் போட்டாள்.

ஜோயல் அவற்றைப் புரட்டிப் பார்த்து, நர்ஸைக் கூப்பிட்டார். "ரத்தத்துல சோடியம் உடனே பாக்கணும். ரிப்போர்ட்ட எங்கிட்ட நேரா கொண்டாங்க." பிறகு கலீல் பக்கம் திரும்பினார். "இந்தப் பிரஷர் மாத்திரை உடம்புல இருக்கிற உப்பை ஒண்ணுக்கு வழியா வெளியேத்தும். வயசானவங்களுக்கு அந்த இன்னொரு மாத்திரையும் உப்பைக் குறைக்கலாம். ரெண்டும் சேர்ந்தா இப்படிக் குழப்பம் வரும், விழுவாங்க, வலிப்புகூட வரலாம். தலையில அடிபட்டிருக்கிறதால ஸ்கேனும் எடுத்திருவோம். ஆனா இந்தம்மா சொல்லலைன்னா நான் பக்கவாதம்னே நெனச்சு நேரத்தைக் கடத்தியிருப்பேன்."

ஸ்கேனில் கோளாறு இல்லை. உப்பு அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். உப்பைச் சட்டென்று ஏற்றினால் மூளைக்கு ஆபத்து, மெல்ல மெல்லத்தான் ஏற்ற முடியும் என்று ஜோயல் சொல்லிவிட்டுப் போனார். அப்துல் வாஹித் உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

வராந்தாவில் கலீல் வெடித்தான். "சந்தி சிரிக்க வச்சுட்டியே! ஷாஜியா வாழ்க்கையை நெனச்சுப் பாத்தியா?"

"மாமா பொழைக்கணும்னு நெனச்சேன். அதுக்கப்புறம் எதையும் நெனைக்கல." சாதியா குரலைத் தாழ்த்தவே இல்லை. "செவ்வாழைத் தாரையும் பச்சை வாழைத் தாரையும் ஒரே ரூம்ல போட்டுப் பழுக்க வச்சான்னு போன மாசம் நம்ம வாழை மண்டியில ஒரு ஆளை வேலைய விட்டே விரட்டுனீக. ரெண்டும் வாழைதான? எதுக்கு விரட்டுனீக? தாருக்குப் பாக்கிற பக்குவத்தைப் பெத்த தகப்பனுக்குப் பாக்கலையே நீங்க!"

கலீல் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அழுதானா என்பதைச் சாதியா பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றவும் இல்லை.

சில நாட்களில் முகைதீனுக்குத் தெளிவு வந்தது. நடந்ததையெல்லாம் மகன் தலைகுனிந்து சொன்னான்.

"எனக்குத் தெரியாம என் வாய்க்குள்ள என்னத்தைலே போட்ட?" என்றார். குரல் தளர்ந்திருந்தாலும் அதில் பழைய முகைதீன் இருந்தார். "நான் என்ன ஆட்டுக்குட்டியா? பேசாம இருந்தா, கேக்கவே வேணாம்னு அர்த்தமா? உங்கம்மா போனதுல இருந்து எனக்கு எப்படி இருக்குன்னு ஒரு நாள் கேட்டியாலே?"

"தப்புதான் அத்தா" என்றான் கலீல்.

வீடு திரும்புவதற்கு முன் அவரை நாகஜோதியிடம் கூட்டிப்போனார்கள். கலீலே 'மனநல மருத்துவர்' என்ற வாசல் பலகைக்கு நேராகக் காரை நிறுத்தினான். நாகஜோதி கலீலைப் பார்க்காமல் பெரியவரிடமே கேட்டார். தூக்கம் எப்படி, பசி எப்படி, நெஞ்சுப் படபடப்பு உண்டா, ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா, முன்பு எப்போதாவது தூக்கமே வேண்டாமல் அளவு மீறிய உற்சாகத்தில் இருந்தது உண்டா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா. கடைசிக் கேள்விக்கு முகைதீன் கொஞ்சம் தயங்கினார்.

"அவ பக்கத்துல போயிறலாம்னு தோணுச்சும்மா. யாரும் கேக்கல, அதனால சொல்லல."

கலீல் சட்டென்று அத்தாவின் கையைப் பிடித்தான். அவர் விலக்கவில்லை.

"இப்பச் சொன்னீங்களே, அது போதும். இனிமே அப்படித் தோணுனா உடனே இவங்ககிட்டச் சொல்லணும், எனக்கு ஃபோன் பண்ணணும்" என்றார் நாகஜோதி. "உங்க மருமகளுக்கு எழுதினது அவங்களுக்கு. உங்களுக்குத் தூக்கமும் பசியும் வர்ற மாதிரி வேற மாத்திரை, குறைஞ்ச அளவுல ஆரம்பிப்போம். இதுலயும் உப்பு குறையாதுன்னு சத்தியம் பண்ண முடியாது, அதனால அப்பப்ப ரத்தம் பாப்போம். பிரஷர் மாத்திரையை மாத்தச் சொல்லி உங்க டாக்டர்கிட்ட நான் பேசுறேன். பலன் தெரிய சில வாரம் ஆகும். அதுவரைக்கும் நீங்களும் எங்கிட்ட வந்து பேசணும்."

"ஒரே நோவுக்கு எத்தனை விதமா மருந்து!" என்று கலீல் முணுமுணுத்தான்.

"நோவு ஒண்ணா இருக்கலாங்க, ஆளு வேற வேற. வயசுப் பிள்ளைகளுக்குக் குடுத்தா, மொத சில வாரம் தப்பான எண்ணம் எதுவும் வருதான்னு அவங்களைக் கண்ணும் கருத்துமாப் பாத்துக்கணும். இதயக் கோளாறு இருந்தா அதுக்குத் தக்கதாப் பாக்கணும். இதையெல்லாம் கேக்காம கடையில எடுத்துக் குடுக்கிறது மருந்தே இல்ல."

கம்பத்திலிருந்து பேச்சுமூச்சு இல்லை. சம்பந்தம் முறிந்துவிட்டது என்றே ஊர் முடிவு கட்டியது. ஷாஜியா அசரவில்லை. "மதினி மாத்திரை போடுறாகன்னு என்னை வேணாங்கிற வீடு எனக்கும் வேணாம்" என்று சொல்லிவிட்டாள். சாதியா தன் மாத்திரை அட்டையை அலமாரியிலிருந்து எடுத்துக் கூடத்து மேசையில், மாமாவின் அட்டைக்குப் பக்கத்தில் பெயர் எழுதி வைத்தாள். கலீல் தடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் அப்துல் வாஹித் தனியாக வந்தார். டீயைக்கூடத் தொடாமல் கலீலைச் சன்னல் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார்.

"கல்யாணத்துல ஒரு மாத்தமும் இல்ல தம்பி. நான் வந்தது வேற சமாச்சாரம். என் வீட்டுக்காரி ராவெல்லாம் முழிச்சே கெடக்கா. தனியா உக்காந்து அழுகுறா. உங்க வீட்டுல சாப்பிடுறாகளே, அந்த மாத்திரை பேரு என்ன? நான் கம்பத்துலயே கமுக்கமா வாங்கிக்கிறேன்."

கலீலுக்குத் தன் பழைய முகத்தையே எதிரில் பார்த்ததுபோல இருந்தது.

"பேரு தெரியும் மாமா. சொல்ல மாட்டேன்."

"ஒரு மாத்திரை பேரைச் சொல்ல உனக்கு என்னப்பா?"

"அந்தப் பேரைத் தெரிஞ்சு வச்சுத்தான் அத்தாவைச் சாகக் குடுக்கப் பாத்தேன்."

டீத்தட்டோடு நின்ற சாதியா முன்னே வந்தாள். "சத்தமாவே பேசுங்க மாமா, இங்கன யாரும் வெக்கப்படல. மனசுக்கு மருந்து சாப்பிடுறது கேவலமே இல்ல. அதை மறைக்கிறதும், ஒருத்தருக்கு எழுதுன மாத்திரையை இன்னொருத்தருக்குக் குடுக்கிறதும்தான் கேவலம். ஆளைப் பாத்து, வயசைப் பாத்து, வேற என்ன மருந்து உள்ள போகுதுன்னு கேட்டு டாக்டருதான் எழுதணும். நாம ஒண்ணுவிடாம உண்மையைச் சொல்லணும். மாத்திரை பேரைக் கேக்காதீக, டாக்டர் பேரைக் கேளுங்க. சொல்றேன்."

அப்துல் வாஹித் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அங்கன போயி நின்னா யாராச்சும் பாத்துருவாகளேம்மா" என்றார்.

"பாக்கட்டுமே!"

எல்லோரும் திரும்பினார்கள். முகைதீன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். ஏலத்தில் கேட்ட அதே குரல்.

"ஏலே கலீலு, காரை எடு. கம்பத்துக்குப் போயி சம்பந்தி அம்மாவைக் கூட்டிட்டுத் தேனிக்குப் போவோம். நான் முன் சீட்டுல உக்காருறேன். எங்க போறீகன்னு எவனாச்சும் கேட்டா, மனசுக்கு வைத்தியம் பாக்கப் போறோம்னு நானே சொல்றேன்."