மஞ்சளில் தெரிந்த பெயர்

விமலா கைப்பேசியை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஜொகூரில் மூன்று மாத வேலைக்குப் போயிருந்த கணவன் அர்ச்சுனன் நாளைக்கு வரவேண்டியவன். இன்றைக்கே பக்கத்து நகரமான சிரம்பான் வரை வந்துவிட்டான்.

"என்னவாம் அண்ணி?" என்றான் அர்ச்சுனனின் தம்பி தேவன்.

"கூட்டாளி வீட்ல சாப்ட்டுட்டு நாலு மணிக்கு வந்துருவாராம். மொதல்ல அதக் கழட்டுங்க தம்பி."

அப்போது மணி பன்னிரண்டரை.

கழற்ற வேண்டியவை அர்ச்சுனனுடைய வெள்ளைக் காரின் பின்மூடியில் ஒட்டியிருந்த வெள்ளி நிறச் சூலமும், அதன் கீழே வரிசையாக ஒட்டியிருந்த 'தேவன்' என்ற எழுத்துகளும். அப்பாவின் கருமாதியன்று கைகலப்பாகி, இரண்டு வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. அவன் என் வாசலை மிதிக்கக்கூடாது என்று அர்ச்சுனன் சொல்லிவிட்டான். லாரி வேலை போய், மூன்று பிள்ளைகளோடு தேவன் திண்டாடியபோது விமலாவுக்கு மனசு கேட்கவில்லை. கணவனுக்குத் தெரியாமல் அவனுடைய காரைத் தேவனிடம் ஓட்டக் கொடுத்தாள். போர்டிக்சன் ஹோட்டலுக்குத் துப்புரவு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்கி தேவன் பிழைத்துக்கொண்டான். முதல் நாள் காரைத் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய் டயரில் எலுமிச்சம்பழம் நசுக்கினானே, அதோடு நிறுத்தியிருக்கலாம். இரவல் கார் என்பதையே மறந்து பெயரையும் ஒட்டிக்கொண்டு வந்தான், மகாராஜன். இது அர்ச்சுனன் கண்ணில் பட்டால் அவள் எந்த முகத்தோடு அந்த வீட்டில் இருப்பாள்?

தேவன் வெந்நீர்த் துணியைப் போட்டுப் போட்டு எடுத்தான். பசை இளகட்டும் என்று ஹேர் டிரையரையும் காட்டினான். கத்தி, பிளேடு பக்கமே போகவில்லை. ஒரு கீறல் விழுந்தாலும் அண்ணன் கண்டுபிடித்துவிடுவான். தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, சூலத்துக்கு அடியில் நுழைக்கப் போனான். விமலா தடுத்தாள்.

"இருங்க தம்பி. சாமிய சும்மா பேத்தெடுக்கக் கூடாது."

செம்பு நிறைய மஞ்சள் தண்ணீர் கரைத்து வந்து சூலத்தின் மேல் ஊற்றினாள்; அது எழுத்துகள் மேலும் வழிந்தது. இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இருவருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நரம்பை முன்னும் பின்னும் அறுப்பதுபோல் இழுக்க இழுக்க, முதலில் சூலம் வந்தது. பிறகு ஒவ்வோர் எழுத்தாக வந்தது. ஒட்டியிருந்த பசையைத் தேங்காய் எண்ணெய் தடவி, கட்டைவிரலால் உருட்டியே எடுத்தான். ஒரு கீறல் இல்லை. துணியால் துடைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சூடேறியிருந்த வெள்ளை பெயிண்டில் மஞ்சள் நன்றாகப் பிடித்திருந்தது. சூலமும் எழுத்துகளும் இருந்த இடம் மட்டும் வெள்ளை. தேவன் என்ற பெயர் முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

சோப்புப் போட்டார்கள். போகவில்லை. தேவன் பாத்திரம் தேய்க்கும் நாரைத் தூக்கினான். விமலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. பெயிண்ட் போயிரும்."

"பேரு போகணும்ல அண்ணி?"

"ஸ்கூல் சட்டைல கறி கொட்டுனா என்னா செய்றோம்? வெயில்ல போடுறோம். மஞ்சக்கறைய வெயிலு எடுத்துரும். கார வெளிய தள்ளுங்க."

காரை வெயிலில் தள்ளிவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். இரண்டு மணிக்குச் செம்பனை மரங்களுக்கு மேல் மேகம் கூடியது. அரை மணி நேரம் உயிரை எடுத்துவிட்டு மேகம் விலகியது. மூன்று மணிக்கு மஞ்சள் வெளுத்தது. மூன்றே முக்காலுக்குக் கடைசி எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பிறகு அதுவும் மறைந்தது. அவள் மூச்சு விடுவதற்குள் வாசலில் கூட்டாளியின் வேன் ஹாரன் அடித்தது. தேவன் கொல்லைப்பக்கம் ஓடினான்.

அர்ச்சுனன் பையை இறக்கி வைத்துவிட்டு நேரே காருக்குத்தான் போனான். சுற்றி வந்தான். பின்மூடியை உள்ளங்கையால் தடவினான்.

"புதுசு மாதிரி இருக்கு லா. நல்லாத்தான் பாத்துக்கிட்ட."

தப்பித்தாயிற்று. ஆனால் விமலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோழிக்கூண்டுக்குப் பின்னால் நாற்பது வயது ஆள் திருடனைப்போல் குந்தியிருப்பது அவள் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. அவன் எதைத் திருடினான்? பிள்ளைகளுக்குச் சோறு போட்டான். அதற்கு ஒளிந்துகொள்ள வேண்டுமா? அவளுக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவ்வளவும் தன்மேல்தான்.

"தேவன் தம்பி, முன்னால வாங்க," என்று சத்தமாகக் கூப்பிட்டாள்.

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். அர்ச்சுனனின் முகம் கறுத்தது.

"கார நாந்தான் குடுத்தேன். மூணு மாசமும் இவருதான் ஓட்டுனாரு. அதுலதான் இவரு வீட்ல அடுப்பு எரிஞ்சிச்சி."

அர்ச்சுனன் தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை. அவளிடம் கையை நீட்டினான்.

"சாவி எங்க?"

விமலா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"உங்க தம்பிகிட்ட இருக்கு. நீங்களே கேட்டு வாங்கிக்கிங்க."