வலது பக்கத்துக் கண்ணாடி

எல்லோரும் "அட" என்றார்கள். மரிய ஆனந்தும் "அட" என்றான். அவனுக்கு எதுவுமே தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. அதியமான்கோட்டைக்குச் சற்றுத் தள்ளி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் தகரக் கூரைக் கம்பெனி அது. லிப்டை இயக்கும் பேனல்களுக்குள் வயர் இணைப்பது அங்கே வேலை. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் நூற்றுப் பன்னிரண்டு வயர்கள். எந்த வயர் எந்த டெர்மினலுக்கு, அதாவது எந்த இணைப்பு முனைக்கு, போக வேண்டும் என்பது ஒரு தாளில் இருக்கும். அலமாரிக் கதவில் அதை ஒட்டிவைத்துக்கொண்டு, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இணைப்பார்கள். இனிமேல் தாள் கிடையாது. ஆளுக்கு ஒரு மூக்குக் கண்ணாடி. போட்டுக்கொண்டால் வயரின் எண்ணும் டெர்மினலின் எண்ணும் கண்ணுக்கு முன்னால் காற்றில் தொங்கும். ஒரு வயரை முடித்ததும் "நெக்ஸ்ட்" என்று சொன்னால் அடுத்தது வரும்.

"வலது பக்கக் கண்ணாடியில மட்டும்தான் தெரியும், சரிங்களா? ரெண்டு பக்கமும் வெச்சா கனமாயிடும்னு ஒரு பக்கம்தான் வெச்சிருக்காங்க" என்றாள் ஐஸ்வர்யா. பயிற்சி கொடுக்கும் இன்ஜினியர். இருபத்து நாலு வயது. தன்னைவிட மூத்தவர்கள் எல்லோரும் அவளுக்கு அண்ணாதான். அவர்களுக்கு அவள் மேடம்.

வரிசையில் பக்கத்தில் நின்ற தீர்த்தகிரி கண்ணாடியைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, இரண்டு கையாலும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டான். "மேடம், இப்பிடிப் பாத்தா எடது கண்ணுல தெரியுதுங்க. ஆனா எழுத்தெல்லாம் சிரசாசனம் பண்ணுது."

"தீர்த்தகிரி அண்ணா, உடைச்சிடாதீங்க" என்று அவள் அதட்ட, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"ஆனந்த் அண்ணா, எழுத்து தெரியுதா?"

"தெரியுதுங்க மேடம்."

"என்ன கலரு?"

முன்னால் இருந்த இரண்டு பேரும் பச்சை என்று சொல்லியிருந்தார்கள். "பச்சைங்க" என்றான். சட்டைக்குள் வியர்வை முதுகுத்தண்டோடு இறங்கி இடுப்பு வாரில் நின்றது.

மரிய ஆனந்துக்கு வலது கண்ணில் பார்வை கிடையாது. பன்னிரண்டு வருடம் ஆகிறது. கிரானைட் கல் அறுக்கும் பட்டறையில் இருந்தபோது, சங்கிலி அறுந்து அதன் முனை நெற்றிப்பொட்டில் அடித்தது. கண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே நரம்பு போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கண்ணும் ஒன்றுபோலவே அசையும், ஒன்றுபோலவே இமைக்கும். அவன் மனைவி சுபாவைத் தவிர யாருக்கும் தெரியாது. பஸ்ஸிலும் கோயில் பெஞ்சிலும் சாப்பாட்டு மேசையிலும் வலது ஓரத்து இடத்தைப் பார்த்துத்தான் உட்காருவான். பேசுகிறவர்கள் இடது பக்கம் இருப்பார்கள். வலது பக்கம் சுவர் இருக்கும். சுவர் எதுவும் கேட்காது.

ஓசூரில் இரண்டு கம்பெனிகளில் கண் பரிசோதனையில் கழித்து அனுப்பினார்கள். "வேற வேலை பாத்துக்கப்பா" என்று ஒரு மேனேஜர் கேட் வரைக்கும் வந்து சொன்னார், அந்த அளவுக்கு நல்லவர். மூன்றாவதாக இங்கே வந்தபோது நர்ஸுக்கு முன்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்தைப் படி என்றாள். வலது கையால் வலது கண்ணை மூடிப் படித்தான். இன்னொரு கண் என்றாள். இடது கையால் அதே வலது கண்ணை மூடிப் படித்தான். கை மாறியதைப் பார்த்தவள் கண் மாறவில்லை என்பதைப் பார்க்கவில்லை. நாலு வருடமாக அந்த ஒரு நிமிடத்தின் மேல்தான் அவன் வீட்டு உலை கொதிக்கிறது.

இதற்கு முன்னால் பயிற்சிக்கு ஒரு கருவி இருந்தது. நீச்சல்காரர்கள் போடுவது மாதிரி, ஆனால் அரை கிலோ கனத்தில், முகத்தில் பாதியை மூடும் கறுப்புப் பெட்டி. தலையைச் சுற்றி வார் போட்டு இறுக்க வேண்டும். உள்ளே கம்பெனி முழுவதும் படமாக நிற்கும். படத்துப் பேனலில் படத்து வயரை இணைத்துப் பழக வேண்டும். எல்லோரும் அதைப் பொட்டி என்பார்கள். பொட்டியை யாருக்கும் பிடிக்காது. கழுத்து வலிக்கும், வியர்த்துக் கொட்டும், தலை சுற்றும். குள்ளம்மாள் அக்கா அதற்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டு ஒரு வாரம் லீவு போட்டாள். தன் கையே தெரியாது என்பதால் வேலை செய்யும்போது அதைப் போட்டுக்கொள்ளவும் முடியாது.

மரிய ஆனந்துக்கு மட்டும் பொட்டி பிடித்தது. அதில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் படம் வரும். இடது கண்ணே அவனுக்குப் போதும். அதோடு, பொட்டிக்குள் இருக்கிறவனின் கண்ணை வெளியே யாரும் பார்க்க முடியாது. அந்த அரை மணி நேரம்தான் அவன் கம்பெனியில் பயமில்லாமல் மூச்சுவிட்டது. இந்தப் புதுக் கண்ணாடி எலுமிச்சம்பழ கனம்கூட இல்லை. காது வலிக்கவில்லை, மூக்கு அழுந்தவில்லை. அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது கழுத்தில் யாரோ கல்லைக் கட்டியது போல் இருந்தது.

"மேடம், பொட்டியே இருக்கட்டுமேங்க. எனக்கு அதுதான் பழக்கம்" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தான்.

"உலகத்துலயே அதை விரும்புற ஒரே ஆள் நீங்கதான் அண்ணா" என்று அவள் சிரித்தாள். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்பாள்.

அன்று சாயங்காலம் குப்பைக் கட்டில் கிடந்த பழைய வயர் இணைப்புத் தாள் ஒன்றை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டான். பென்னாகரம் பஸ்ஸில் வலது ஓரத்து ஜன்னலில் உட்கார்ந்து வீடு வந்து, சுபாவிடம் தாளைக் கொடுத்தான்.

"படி. நீ வயர் நம்பரச் சொல்லு, நான் டெர்மினலச் சொல்றேன்."

"நூத்திப் பன்னெண்டும் மனப்பாடமா?"

"வேற வழி சொல்லு."

சுபா தாளை விரித்தாள். அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே படித்தாள். முதல் நாள் தப்பும் தவறுமாக வந்தது. மூன்றாம் நாள் ஒரு ராகம் கூடிவந்தது. கோயிலில் மன்றாட்டு மாலை சொல்லும்போது உபதேசியார் ஒரு பெயரைச் சொல்ல, சனம் மொத்தமும் யோசிக்காமல் பதில் சொல்லுமே, அந்த ராகம். அவள் "அறுபது" என்றால் அவன் வாய் "முப்பத்தி ரெண்டு" என்றது. "அறுபத்தொண்ணு" என்றால் "பதினாலு".

"மாதா மன்றாட்டைக்கூட இவ்ளோ நாளா முணுமுணுத்துக்கினுதான் ஒப்பேத்துறீங்க" என்றாள் சுபா. "இதுல ஒண்ணு விடாம வருது." பிறகு தாளை மடித்துவிட்டு, "எவ்ளோ நாளுங்க இப்பிடி?" என்று கேட்டாள். அவன் தண்ணீர் குடிக்கப் போனான்.

பயிற்சி வாரம் முடிந்து, அடுத்த திங்கட்கிழமை கண்ணாடியோடு வேலை தொடங்கியபோது அது கைகொடுத்தது. கூடத்தில் முப்பது பேர் "நெக்ஸ்ட்", "நெக்ஸ்ட்" என்று சொல்லும் சத்தம் மழைக்கு முன் வரும் தவளைச் சத்தம் மாதிரி எழுந்துகொண்டே இருக்கும். மரிய ஆனந்த் மனதுக்குள் எண்ணைச் சொல்லி, பதிலைச் சொல்லி, வயரை முறுக்கி, வாய்விட்டு "நெக்ஸ்ட்" என்பான். வலது கண்ணுக்கு முன்னால் ஏதோ மாறிக்கொண்டிருக்கும். அவனுக்கு அங்கே இருட்டுகூட இல்லை, ஒன்றுமே இல்லை. மற்றவர்கள் எழுத்தைப் படித்து வேலை செய்தார்கள். அவன் படிக்காமலே செய்ததால் எல்லோரையும்விட வேகமாக முடித்தான். ஐஸ்வர்யா அவன் பெயரைப் பலகையில் முதலாவதாக எழுதினாள்.  முதலில் நிற்கிறவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

அந்த வாரம் புதன்கிழமை தீர்த்தகிரி பக்கத்தில் வந்து நின்றான். இடது பக்கம் வந்ததால் தெரிந்தது.

"என்னாடா ஆனந்து, உன் கண்ணாடியில லைட்டே எரியல. சார்ஜ் இல்லாம எதப் பாத்துக்கினு வேலை செய்யிற?"

கண்ணாடிக் கம்பியைத் தடவினான். "இப்பதாம்பா ஆஃப் ஆச்சு."

"இப்பவா? நான் வந்து நின்னதுக்கு அப்புறம் நாலு நெக்ஸ்ட் சொல்லிட்ட."

"பழக்க தோசம்."

தீர்த்தகிரி கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தான். பிறகு தன் பேனலுக்குப் போய்விட்டான். அந்தக் கொஞ்ச நேரம் மரிய ஆனந்தை வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என நாலு நாளும் தூங்கவிடவில்லை.

ஆனால் ஆபத்து வந்தது வேறு பக்கத்திலிருந்து. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை டீ நேரம். கேன்டீனில் குள்ளம்மாள் அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"அந்த செவப்பு எரியறத எடுக்கச் சொல்லுங்கப்பா. கண்ணுக்குள்ள கொள்ளிக்கட்டைய நீட்டுற மாதிரி இருக்குது."

"எந்த செவப்பு?" என்றான் மரிய ஆனந்த். வாயிலிருந்து வந்துவிட்டது.

மேசையில் இருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். "அறுவத்தொண்ணுக்கு வர்றப்ப எரியுமே?" என்றாள் அவள். "போன வியாழக்கிழமையிலேருந்து. போர்டு புதுசு, அதனால அது பதினாலுக்குப் போவாது, நாப்பத்தொண்ணுக்குப் போவுதுன்னு. உனக்கு வர்லியா?"

"வருதே. வருதுக்கா. நான் வேற ஏதோ நெனச்சேன்."

தீர்த்தகிரி டீயை ஊதிக்கொண்டே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து பேனலுக்கு முன்னால் நின்றான். கை தானாக ஓடியது. ஐம்பத்தெட்டு, நெக்ஸ்ட். ஐம்பத்தொன்பது, நெக்ஸ்ட். அறுபது, நெக்ஸ்ட். அறுபத்தொன்றாவது வயர் விரல்களுக்கு நடுவில் நின்றது. வாய் பதினாலு என்றது. கை போகவில்லை. அந்த வயர் எதற்கு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். கதவுப் பூட்டு. கதவு முழுசாக மூடாமல் லிப்ட் நகரக் கூடாது என்று சொல்கிற வயர். பேனலுக்குள் இப்போது வரும் புது போர்டில் அதைப் பதினாலில் மாட்டினால் கதவு திறந்து கிடந்தாலும் மூடியிருப்பதாகவே அது நம்பும். சோதனை மேசையில் மாதவராஜ் கண்டுபிடித்திருக்க மாட்டான். அங்கே கதவு என்று ஒன்று கிடையாது. மூடியிருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு துண்டு வயரைச் செருகி ஓட்டிப் பார்த்துவிட்டு, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிடுவான்.

வியாழனிலிருந்து எத்தனை பேனல்? விரலை மடக்கினான். ஐந்து. நாலு இன்னும் லாரி நிற்கும் இடத்தில் பிளாஸ்டிக் சுற்றி நிற்கின்றன. ஒன்று சனிக்கிழமையே போய்விட்டது. திருப்பத்தூரில் புதிதாகத் திறக்கப்போகும் கல்யாண மண்டபம். மூன்று மாடி. கூட வேலை செய்யும் அறிவழகன்தான் ஏற்றிவிட்டவன், "நம்ம லிப்டுலதான்டா சாப்பாட்டுக்கு ஏறப்போறானுங்க" என்று சொல்லிச் சிரித்தான்.

கல்யாண மண்டபத்து லிப்டில் யார் விளையாடுவார்கள் என்று யோசிக்கத் தேவையில்லை. பட்டுப்பாவாடை, புதுச் செருப்பு, எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்க்கும் கைகள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

வயரை அப்படியே தொங்கவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். கழிவறைக்குத்தான் போக நினைத்தான். கால் பயிற்சி அறைக்குக் கொண்டுபோனது. உள்ளே யாருமில்லை. பொட்டிகள் ஆறும் அலமாரித் தட்டில் தூசு படிந்து கிடந்தன. ஒன்றை எடுத்து முகத்தில் வைத்து வாரை இறுக்கினான். மின்சாரம் இல்லாத பொட்டி. உள்ளே ஒரே இருட்டு. பழைய வியர்வை வாசனை. இந்த இருட்டில் இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருந்தன. பன்னிரண்டு வருடத்தில் இப்போதுதான் அவை இரண்டும் சமம்.

வெளியே நிற்கும் நாலு பேனலையும் சாப்பாட்டு நேரத்தில் பிரித்து மாற்றிவிடலாம். ஒரு பேனலுக்கு மூன்று நிமிடம் போதும். யாரும் கேட்டால் ஸ்டிக்கர் சரியில்லை என்று சொல்லலாம். ஐந்தாவது? போன் போட்டு, பேர் சொல்லாமல்? யார் நம்புவார்கள்? நம்பினால் யார் செய்த பேனல் என்று பார்ப்பார்கள். பலகையில் முதல் பேரே அவனுடையது. எதைப் பார்த்து மாட்டினாய் என்பார்கள். கேட். அந்த மேனேஜர் மாதிரி ஒருவர் கேட் வரைக்கும் வருவார். அதற்கப்புறம் எந்தக் கம்பெனியில் எந்தக் கையால் எந்தக் கண்ணை மூடுவது? சுபாவிடம் என்ன சொல்வது? ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். மண்டபத்தில் லிப்டை மாட்ட வருகிறவன் கவனித்துவிடலாம். கவனிக்காமலும் போகலாம். பொட்டிக்குள் அவன் மூச்சு அவன் மேலேயே அடித்தது.

"அண்ணா? யாரது, ஆனந்த் அண்ணாவா?"

ஐஸ்வர்யாவின் குரல். வலது பக்கமா இடது பக்கமா என்று தெரியவில்லை. பொட்டியைக் கழற்றினான். வலது பக்கம் நின்றிருந்தாள். உடம்பையே திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"பொட்டி மேல அவ்ளோ பாசமா?" அவள் சிரித்தாள். "உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். சனிக்கிழமை பெங்களூர்லேருந்து பெரிய ஆளுங்க பாக்க வர்றாங்க. நீங்கதான் கண்ணாடி போட்டுச் செஞ்சு காட்டணும். வேற ஆளே கிடையாது."

வெளியே லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. யாரோ தகரத்தைத் தட்டி "வா, வா, வா" என்றார்கள்.

"மேடம், அந்த லாரிய நிக்கச் சொல்லுங்க."

"எந்த லாரி?"

 கையில் கண்ணாடி இருந்தது. அணைக்கவில்லை, லேசான சூடு. அதைத் தலைகீழாகத் திருப்பினான். கம்பிகள் காதில் நிற்காமல் வழுக்கின. இரண்டு கையாலும் பிடித்து முகத்தோடு அழுத்திக்கொண்டான்.

"ஐயோ, நீங்களுமா? தீர்த்தகிரி அண்ணா கூடச் சேந்து கெட்டுட்டீங்க" என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

முதல் முறையாக அவனுக்குத் தெரிந்தது. இடது கண்ணுக்கு முன்னால், சிரித்துக்கொண்டிருந்த அவள் நெற்றிக்கு நேராக, ரத்தச் சிவப்பில் ஓர் எண் விட்டு விட்டு எரிந்தது. பத்தொன்பது என்று படித்தான். பிறகு அது தலைகீழாகத் தொங்குகிறது என்பது நினைவுக்கு வந்தது.

"அறுபத்தொண்ணு" என்றான். "மேடம், அறுபத்தொண்ணு."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் அவனுடைய இடது கண்ணைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, வலது கண்ணைப் பார்த்தாள். வெளியே லாரியின் பின்கதவு இரும்பு அதிரத் திறந்தது. கண்ணாடியை அவன் இறக்கவில்லை. அவள் முகத்தின் மேல் அந்தச் சிவப்பு எண் எரிந்து அணைந்துகொண்டே இருந்தது, அடுத்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு.