வேறு யார் கை பட்டாலும்

கார் வாங்கும் வேலை காலை பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது என்றுதான் லிஃப்ட்காரர் நினைத்திருந்தார். நிறம் பார்த்தாகிவிட்டது, ஓட்டிப் பார்த்தாகிவிட்டது, விலையில் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. விற்றவர் கை குலுக்கிவிட்டு, "ஒரே ஒரு நிமிஷம் சார், உள்ள மேடத்தைப் பார்த்துட்டுப் போயிடுங்க" என்று அவரையும் மனைவியையும் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சின்ன அறைக்குள் அனுப்பிவைத்தார். அந்த ஒரு நிமிஷம் முக்கால் மணி நேரமாக நீண்டது.

முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்த மனிதர் அவர். பேரைச் சொன்னால் தெரியாத ஆட்களுக்குக்கூட லிஃப்ட்காரர் என்றால் தெரியும். அவர் வீட்டு மிக்ஸியும் மின்விசிறியும் தண்ணீர் மோட்டாரும் கடைப் படியை மிதித்ததே இல்லை. மனைவியின் பழைய காரும் பதினான்கு வருஷம் அவர் கையாலேயேதான் ஓடியது. மனைவி பிசியோ. முட்டி மாற்றிக்கொண்டவர்கள், விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள் என்று ஒரு நாளைக்கு ஆறு வீடு போய், அவர்களை எழுப்பி நடக்கவைக்கிறவள். கார் ஓட்டுவது அவள். அவருக்கு ஓட்டுவதில் பெரிய ஆசை கிடையாது. வண்டி என்றால் அவருக்கு பானெட்டுக்குக் கீழே இருக்கும் சமாசாரம்தான்.

அறையில் இருந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். உட்காரச் சொன்ன கையோடு, வழுவழுப்பான ஒரு தாளை மேஜையில் விரித்தார். அதில் கலர் கலராக ஐந்து கட்டங்கள்.

"வண்டிக்குப் பாதுகாப்புத் திட்டங்கள் சார். முதல்ல இது. பெயின்ட்டுக்கு மேல ஒரு பூச்சு. அஞ்சு வருஷம் பளபளன்னு இருக்கும்."

"பூச்சு இல்லாட்டி புது பெயின்ட் அஞ்சு வருஷம் பளபளன்னு இருக்காதா?"

"இருக்கும் சார். இது இன்னும் கொஞ்சம்..."

"அடிச்ச பெயின்ட் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னா எப்படிங்க?"

அம்மாள் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போனார். அடியில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு. அதைக் கம்பெனியிலேயே பூசித்தான் அனுப்புகிறார்கள் என்று லிஃப்ட்காரர் சொன்னார். அடுத்தது, சாவி தொலைந்தால் புதுச் சாவி.

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல இவ ஒரு ஹேர்பின்னைக்கூடத் தொலைச்சதில்லைங்க."

"குடையை நாலு தடவை தொலைச்சது யாருன்னு அவங்க கேக்கலை. விடுங்க" என்றாள் மனைவி.

நாலாவது, வழியில் வண்டி நின்றால் ஆள் அனுப்பும் திட்டம். "அதுக்கு நான் இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் அதையும் தள்ளினார். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

ஐந்தாவதுதான் பெரிய கட்டம். வண்டியோடு சும்மா வரும் மூன்று வருஷ வாரண்டி முடிந்தபிறகு, மேலும் நாலு வருஷத்துக்கு நீட்டிக்கும் திட்டம். விலையும் அதற்குத் தகுந்தாற்போல இருந்தது. "இன்னிக்கு எடுத்தாத்தான் சார் இந்த விலை" என்றார் அம்மாள்.

லிஃப்ட்காரர் தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது போல எழுத்து. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் படித்தார். கிளட்ச் சேராது. பிரேக் சேராது. பேட்டரி, டயர், வைப்பர் சேராது.

"கெட்டுப்போற சாமானெல்லாம் இதுல இல்லை. கெட்டுப்போகாததெல்லாம் இருக்கு" என்றார்.

"என்ஜின், கியர் எல்லாம் இருக்கே சார்."

"ஒழுங்கா எண்ணெய் மாத்தினா அது ஏழு வருஷத்துல எங்கம்மா போகப்போகுது?" மேலே படித்தார். பதினோராவது விதி வந்ததும் அவர் விரல் நின்றது. சத்தமாகவே வாசித்தார்: "அங்கீகாரம் பெறாத எவர் வாகனத்தைப் பழுதுபார்த்தாலும், பாகங்களைக் கழற்றினாலும், இத்திட்டம் உடனே ரத்தாகும். எவர்னா யாருங்க?"

"எவரும்தான் சார்."

"நான்?"

"நீங்களும்தான் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளை அம்மாள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தார். "என் வண்டியை நான் தொடக்கூடாதாம், அதுக்கு நான் காசு வேற கட்டணுமாம். நல்லா இருக்குங்க. வாம்மா, கிளம்பலாம்."

மனைவி எழவில்லை. "எனக்கு அது வேணும்" என்றாள்.

"எது?"

"கடைசியாப் படிச்சீங்களே, அந்தத் திட்டம்."

"எல்லாத்தையும் கேட்டுட்டுத்தானே உக்காந்திருந்தே? காசுக்குப் பிடிச்ச கேடும்மா."

"கேட்டேன். நீங்க கை வச்சா ரத்துன்னு இருக்கு பாருங்க, அதுக்காகத்தான் வேணும்."

அம்மாள் கணினித் திரையைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எட்டு மாதம் முன்பு லிஃப்ட்காரருக்கு நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பாரம் தூக்கக்கூடாது, குனிந்து நிமிர்ந்து மூச்சு வாங்கக்கூடாது என்றார் டாக்டர். வேலை பார்த்த இடத்தில் அவரை ஒரு மேஜையில், இரண்டு போன்களுக்கு நடுவே உட்காரவைத்துவிட்டார்கள். எங்கே லிஃப்ட் நின்றாலும் ஆளை அனுப்புவது இப்போது அவர் வேலை. அனுப்புகிற ஆள் சரியாகச் செய்தானோ இல்லையோ என்று மாலை வரை அவருக்குக் கை அரிக்கும்.

"ஸ்டென்ட் வச்ச மூணாவது மாசம், நான் வேலைக்குப் போயிட்டு வர்றேன், வண்டிக்கு அடியில உங்க ரெண்டு காலு மட்டும் தெரியுது" என்றாள் மனைவி. குரலை உயர்த்தவில்லை. நோயாளிகளிடம் பேசுகிற அதே நிதானம். "என்னங்கன்னு கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். இல்லை."

"வாயில நட்டைக் கவ்விட்டிருந்தேன். எப்படிப் பேசறது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? தரையில மண்டி போட்டு உங்க கணுக்கால்ல நாடி பார்த்தேன்."

"நாடியா?" அவர் குரல் இறங்கியது. "நீ கிச்சுக்கிச்சு மூட்டறேன்னு..."

"நினைச்சுட்டு காலை உதறினீங்க. அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு."

லிஃப்ட்காரர் மெல்ல உட்கார்ந்தார். அன்று வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அவளிடம் ஒரு துணி கேட்டதும், அவள் பேசாமல் உள்ளே போய் எடுத்து வந்ததும் நினைவில் இருந்தது. அவள் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அன்று அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

"அப்புறம், போன மழையில ஒரு நாள் நேரம் கழிச்சு வந்தேனே. பேஷன்ட் வீட்ல தாமதமாயிடுச்சுன்னு சொன்னேன்ல? டயர் பஞ்சர். ரெண்டு மணி நேரம் ரோட்ல நின்னேன். அப்புறம் ஒரு பால் வண்டிக்காரர் இறங்கி மாத்திக் குடுத்தார்."

"எனக்கு ஏன் போன் பண்ணலை?"

"பண்ணா ஜாக்கியைத் தூக்கிட்டு வந்து நிப்பீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. அதுக்கு நான் இருக்கேன் என்று சற்று முன்தான் பெருமையாகச் சொல்லியிருந்தார். மழையில் இரண்டு மணி நேரம், கையில் போனை வைத்துக்கொண்டே அவள் நின்றிருக்கிறாள்.

அம்மாள் தண்ணீர் பாட்டிலை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே மேனேஜர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அம்மாள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், நான் ஒண்ணு சொல்றேன், வெளியே சொல்லிடாதீங்க. வண்டியோட சும்மா வர்ற மூணு வருஷ வாரண்டி இருக்குல்ல, அதுலயும் இதே வரிதான். வேற யார் கை பட்டாலும் ரத்து. அதுக்கு நீங்க தனியாப் பணம் கட்ட வேண்டாம்."

"நிஜமாவா?" என்றாள் மனைவி.

"பக்கத்தைக் காட்டவா? நீட்டிக்கறதை மூணாவது வருஷம் முடியறதுக்குள்ள எப்ப வேணா எடுத்துக்கலாம். விலை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். அதுக்குள்ள வண்டி எப்படின்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். வழியில நின்னா ஆள் வர்றதும், நீங்க வெளியே கையெழுத்துப் போட்ட இன்ஷூரன்ஸ்லயே இருக்கு. நாலாம் பக்கம். மறுபடியும் வாங்கினா ஒரே சாமானுக்கு ரெண்டு விலை."

லிஃப்ட்காரர் பையிலிருந்து இன்ஷூரன்ஸ் காகிதத்தை எடுத்து நாலாம் பக்கத்தைப் புரட்டினார். இருந்தது. போன் நம்பரோடு இருந்தது.

"எங்ககிட்ட ஏங்க இதைச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

"எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார் சார். ஏணியில ஏறாதீங்கன்னு சொன்னா கூரை மேல நின்னுட்டுப் பேசுவார்."

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். பணம் மிச்சமானதில் அவருக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் எங்கேயோ வசமாக மாட்டிக்கொண்டது போல இருந்தது.

"அப்ப மூணு வருஷம் நான் பானெட்டைத் திறக்கவே கூடாதா?"

"தாராளமாத் திறக்கலாம் சார். கண்ணாடி துடைக்கிற தண்ணி ஊத்தலாம்."

வெறும் கையோடு எழுந்து போக அவருக்கு மனம் வரவில்லை. தாளை இன்னொரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரப்பர் மேட் ஏதாவது இருக்குங்களா? இவ போற வீட்டு வாசல் மண்ணெல்லாம் வண்டிக்குள்ளதான் வந்து சேரும்" என்றார். இருந்தது. அதை மட்டும் வாங்கினார்கள். அம்மாள் ரசீது போடும்போது, "உங்க விற்பனைக் கணக்குல இதெல்லாம் சேருமாங்க?" என்று லிஃப்ட்காரர் கேட்டார். "சேரும் சார். கொஞ்சம் சேரும்" என்றார் அம்மாள்.

வீட்டுக்குப் பழைய காரில்தான் திரும்பினார்கள். புது வண்டி வர இன்னும் நாலு நாள் இருந்தது.

"அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார் பாதி வழியில்.

"சொல்லியிருந்தா?"

"வந்திருப்பேன்."

"அதான் சொல்லலை."

சிக்னலில் வண்டி நின்றது. அவர் அவள் போனை எடுத்து, இன்ஷூரன்ஸ் காகிதத்தைப் பார்த்து நம்பரை ஒவ்வொன்றாகத் தட்டிச் சேமித்தார். ஒரு இலக்கம் தப்பியதா என்று இரண்டு தரம் சரிபார்த்தார். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "முதல்ல இவங்களைக் கூப்பிடு. அடுத்தது என்னைக் கூப்பிடு. நான் வர்றதுக்கு இல்லை. இந்த இடத்துல நிக்கறேன்னு சும்மா சொல்றதுக்கு."

"சொன்னா வந்துடுவீங்களே?"

"வரமாட்டேன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, மனசு கேக்காம வந்துட்டாலும் ஜாக்கியோட வரமாட்டேன்" என்றார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டாள்.

புது வண்டி வந்த ஆறாவது வாரம், ஒரு நாள் மாலை நாலு மணிக்கு லிஃப்ட்காரரின் சொந்தப் போன் அடித்தது. "பஞ்சர்" என்றாள். "அவங்களுக்குச் சொல்லிட்டேன். நாப்பது நிமிஷமாம். பேக்கரிக்கு எதிர்ல நிழல்ல நிக்கறேன்."

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி பாதி எழுந்துவிட்டார். ஸ்கூட்டரில் போனால் பதினைந்து நிமிஷம். பிறகு மூச்சை விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"பயமா இருக்கா?"

"பட்டப்பகல்ல என்ன பயம்? பசிக்குது."

"எதிர்லதான் பேக்கரி இருக்குங்கற. போய் ஒரு பன் வாங்கு. லைன்லயே இரு."

அவள் பன் வாங்கினாள். தின்றுகொண்டே பேசினாள். காலையில் பார்த்த நோயாளி, ரிட்டயரான தபால்காரர், மூன்று மாதத்துக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் பதினொரு அடி நடந்தாராம். நடந்து முடித்ததும் அவளைப் பார்த்து சல்யூட் அடித்தாராம். இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே லிஃப்ட்காரருக்கு அன்றுதான் தெரியும். அவள் ஒரு நாளைக்கு ஆறு வீடு போகிறாள் என்று தெரியும். அந்த ஆறு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை. கேட்டார். அவள் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நாலாவது வீட்டுக்கு வந்தபோது மெக்கானிக் வந்துவிட்டார்.

"ஸ்பீக்கர்ல போடு" என்றார். "தம்பி, நட்டை வரிசையா இறுக்காதீங்க. குறுக்க இறுக்குங்க. ஒண்ணுக்கு எதிர்ல அடுத்தது."

"அண்ணே, இருபது வருஷமா இதைத்தான் பண்றேன்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். கோபம் இல்லாத குரல்.

"பண்றீங்க, தெரியுது. இருந்தாலும் சொன்னேன்."

இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் போனில் கேட்டது. ஒன்று, எதிரில் ஒன்று, பிறகு பக்கவாட்டில், அதற்கு எதிரில். அவருக்குக் கண்ணால் பார்ப்பது போல இருந்தது. மேஜை மேல் இருந்த இன்னொரு போன் அடிக்கத் தொடங்கியது. எங்கோ ஒரு லிஃப்ட் நின்றிருக்கும், உள்ளே ஆள் இருந்தாலும் இருக்கும்.

"அந்த போன் அடிக்குது" என்றாள் மனைவி. "எடுங்க. நான் அஞ்சாவது வீட்டுக்குக் கிளம்பறேன்."

"அஞ்சாவது, ஆறாவது வீட்ல யாருன்னு சொல்லவே இல்லையே?"

"வந்து சொல்றேன்."

"சரி, பார்த்துப் போ" என்று சொல்லிவிட்டு, அவர் மேஜைப் போனை எடுத்தார். "சொல்லுங்க. எத்தனாவது மாடி? உள்ள யாராவது இருக்காங்களா?"